'பை'யா, 'பர்ச்சே'ஸா? 'வாங்கினேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுத முழுமையான வழிகாட்டி

பணம் கொடுத்து ஒன்றை வாங்குவதைச் சொல்ல ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் சொற்கள் இரண்டு: 'பை', 'பர்ச்சேஸ்'. அகராதியைத் திறந்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விளக்கம்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'எதைப் போட்டால் என்ன' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர், சின்னப் பொருளுக்கு 'பை', விலை கூடிய பொருளுக்கு 'பர்ச்சேஸ்' என்று தாங்களாகவே ஒரு விதியை வகுத்துக்கொள்கிறார்கள். இரண்டு வழியிலும் தவறு வரும்.

மற்றவர்களின் ஆங்கில மெயில்களையும் விண்ணப்பங்களையும் திருத்திக்கொடுக்கும் வேலை எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. புதிதாக எழுத வருகிறவர்கள் இங்கே தடுமாறுவது சொல்லின் பொருள் தெரியாததால் அல்ல. கேள்விகளைத் தவறான வரிசையில் கேட்டுக்கொள்வதால்தான். எடுத்த எடுப்பில் 'இது மரியாதையான கடிதமா, சாதாரணப் பேச்சா' என்று யோசிக்கிறார்கள். அது ஐந்தாவதாக வரவேண்டிய கேள்வி. அதற்கு முந்தைய நான்கு படிகளிலேயே பாதிக்கு மேற்பட்ட இடங்களில் விடை கிடைத்துவிடும்.

தமிழ் எழுத்தில் எழுதுவதால் ஒரு சின்னக் குழப்பம் வரலாம். இங்கே மேற்கோளுக்குள் 'பை' என்று வந்தால் அது பி-யு-ஒய் என்று எழுதும் ஆங்கிலச் சொல். தோளில் மாட்டும் பை அல்ல.

தொடங்கும் முன் தேவையானவை

முதலில், நீங்கள் உண்மையாகவே எழுதப்போகிற ஒரு வாக்கியம் வேண்டும். புத்தகத்து உதாரணத்தில் பழகினால் கை வராது. உங்கள் சொந்த மெயிலில் இருந்து எடுங்கள்.

அடுத்து, அதைப் படிக்கப்போகிறவர் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும். நண்பரா, கடைக்காரரா, கணக்குப் பிரிவா, வழக்கறிஞரா என்று ஓரத்தில் ஒரு சொல்லாகக் குறித்துக்கொண்டாலே போதும்.

உதாரண வாக்கியங்கள் தரும் ஓர் ஆங்கில அகராதியும் வேண்டும். ஆங்கிலம்–தமிழ் அகராதி இந்த வேலைக்கு உதவாது. அதில் இரண்டு சொற்களுக்கும் நேரே 'வாங்கு' என்றுதான் இருக்கும், நம் சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

படி 1: தமிழ் 'வாங்கு' என்பதைப் பிரித்துப் பாருங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. ஆனால் மிக மோசமான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன.

தமிழில் 'வாங்கு' மிகப் பெரிய சொல். கடன் வாங்குகிறோம், சம்பளம் வாங்குகிறோம், மார்க் வாங்குகிறோம், திட்டு வாங்குகிறோம், நல்ல பேர் வாங்குகிறோம். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒருவரிடம் வேலை வாங்குகிறோம். நம் 'வாங்கு' என்பதன் அடிப்பொருள் 'பெற்றுக்கொள்' என்பதுதான். விலை கொடுப்பது அதில் ஒரு வகை மட்டுமே. ஆங்கிலத்தின் 'பை' அப்படியில்லை, அதற்குள் விலை எப்போதும் உண்டு.

அதனால் 'ஐ பாட் நைன்ட்டி மார்க்ஸ்' என்று ஒருவர் எழுதினால் ('பாட்' என்பது 'பை'யின் இறந்தகாலம்), மதிப்பெண்ணைக் காசு கொடுத்து வாங்கியதாக அர்த்தம் வரும். ஒரு வேலை விண்ணப்பத்தில் 'ஐ பாட் மை சர்டிபிகேட் இன் ஜூன்' என்று எழுதியிருந்ததை நான் திருத்தியிருக்கிறேன். எழுதியவர் சொல்ல நினைத்தது, ஜூன் மாதம் சான்றிதழ் கைக்கு வந்தது என்பதைத்தான். படிப்பவருக்கு அது விலைக்கு வாங்கிய சான்றிதழ். அந்த ஒரு சொல் அவருடைய படிப்பையே சந்தேகத்தில் தள்ளியிருக்கும். அங்கே 'ரிசீவ்ட்' போதும். மார்க்குக்கு 'காட்' அல்லது 'ஸ்கோர்ட்', கடனுக்கு 'பாரோட்' அல்லது 'டுக் எ லோன்'.

சோதனை எளிது. உங்கள் தமிழ் வாக்கியத்தில் 'வாங்கு' என்பதற்கு முன்னால் 'விலைக்கு' என்று சேர்த்துப் படியுங்கள். 'விலைக்கு நாற்காலி வாங்கினேன்' நிற்கிறது. 'விலைக்கு மார்க் வாங்கினேன்' நிற்கவில்லை. நின்றால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். நிற்காவிட்டால் 'பை', 'பர்ச்சேஸ்' இரண்டையும் விட்டுவிட்டு வேறு வினையைத் தேடுங்கள்.

படி 2: வேண்டியது வினைச்சொல்லா, பெயர்ச்சொல்லா?

'நான் வாங்கினேன்' என்று செயலைச் சொல்கிறீர்களா, 'அந்தக் கொள்முதல்', 'வாங்கிய அந்தப் பொருள்' என்று பெயராகச் சொல்கிறீர்களா? இதை இரண்டாவதாகவே கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வினையாக வந்தால் இரண்டு சொற்களுக்கும் வாய்ப்பு இருக்கிறது. பெயராக வந்தால் கிட்டத்தட்ட எப்போதும் 'பர்ச்சேஸ்'தான்.

கடை ரசீதுகளின் அடியில் 'தேங்க் யூ ஃபார் யுவர் பர்ச்சேஸ்' என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பென்சில் வாங்கினாலும் அதே வரிதான். அது மரியாதைக்காக மட்டும் வந்த சொல் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த இடத்துக்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும், 'யுவர் பை' என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை. விலை கூடிய பொருளுக்குத்தான் 'பர்ச்சேஸ்' என்ற கற்பனை விதி இந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது. மறுபக்கமும் பாருங்கள். வீடு எவ்வளவு பெரிய செலவு! ஆனாலும் பேச்சில் 'வீ பாட் எ ஹவுஸ்' என்பதுதான் இயல்பான ஆங்கிலம்.

'பை' பெயராக வருவதும் உண்டு, ஆனால் குறுகிய பொருளில். 'எ குட் பை' என்றால் கொடுத்த காசுக்கு மேல் பயன் தரும் பொருள். 'பெஸ்ட் பை' என்றால் இருப்பவற்றில் காசுக்கு ஏற்ற சிறந்த தேர்வு. இரண்டிலும் ஒரு மதிப்பீடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெறுமனே 'என்னுடைய கொள்முதல்' என்று குறிக்க அது பயன்படாது. தொழிலாகவோ பழக்கமாகவோ தொடரும் செயலைச் சொல்ல 'பையிங்' வரும்: 'பல்க் பையிங்' (மொத்தமாக வாங்குவது), 'பேனிக் பையிங்' (பதற்றத்தில் வாங்கிக் குவிப்பது).

பெயரோடு சேரும் வினையையும் சேர்த்தே மனதில் வையுங்கள். 'மேக் எ பர்ச்சேஸ்' என்பதுதான் வழக்கு. 'பர்ச்சேஸ் பண்ணினேன்' என்று நாம் தமிழில் பேசிப் பேசி, ஆங்கிலத்திலும் 'டிட் எ பர்ச்சேஸ்' என்று எழுதிவிடுகிறோம்.

நாடுகளுக்கு இடையே நடந்த பெரிய நில விற்பனைகளின் பெயர்களிலும் இந்தப் பெயர்ச்சொல்தான் நிற்கிறது. 1803-இல் அமெரிக்கா பிரான்ஸிடமிருந்து வாங்கியது 'லூசியானா பர்ச்சேஸ்'. 1867-இல் ரஷ்யாவிடமிருந்து வாங்கியது 'அலாஸ்கா பர்ச்சேஸ்'. ஆனால் அதையே வாக்கியமாகச் சொல்லும்போது 'அமெரிக்கா பாட் அலாஸ்கா ஃப்ரம் ரஷ்யா' என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை.

படி 3: ஏற்கெனவே இறுகிப்போன தொடரா என்று பாருங்கள்

சில தொடர்களில் சொல்லை மாற்றும் உரிமை நமக்குக் கிடையாது. தேர்வு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை என்பதால்தான் நடையைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்தப் படி வருகிறது.

அலுவலகத்திலும் கணக்கிலும் 'பர்ச்சேஸ்' இறுகியிருக்கிறது: 'பர்ச்சேஸ் ஆர்டர்', 'பர்ச்சேஸ் லெட்ஜர்', 'ப்ரூஃப் ஆஃப் பர்ச்சேஸ்', 'பர்ச்சேஸ் பிரைஸ்', 'ஹையர் பர்ச்சேஸ்' (தவணை முறையில் வாங்குவது). இவற்றில் ஒன்றிலும் 'பை' போட முடியாது. பொதுவாக, தாளில் பதிவாகும் விஷயம் என்றால் இந்தப் பக்கம் சாய்கிறது.

கணக்குப் புத்தகத்தில் இதற்கு இன்னும் குறுகிய பொருள் உண்டு, புதிதாகக் கணக்கு எழுத வருகிறவர்கள் இங்கே கட்டாயம் இடறுவார்கள். 'பர்ச்சேசஸ்' என்ற கணக்குத் தலைப்பில் வருவது, மறுபடி விற்பதற்காகவோ உற்பத்திக்காகவோ வாங்கிய சரக்கு மட்டுமே. அலுவலகத்துக்கு ஒரு மேசை வாங்கினால், பேச்சு ஆங்கிலத்தில் அதுவும் 'பர்ச்சேஸ்'தான், ஆனால் அந்தத் தலைப்பில் அதை எழுதக்கூடாது. அது சொத்துக் கணக்குக்குப் போகும். மரச்சாமான் வியாபாரி விற்பதற்கு வாங்கிய மேசை என்றால் 'பர்ச்சேசஸ்' தலைப்பிலேயே வரும். பொருள் ஒன்றுதான், எதற்காக வாங்கினோம் என்பதுதான் இடத்தை முடிவு செய்கிறது.

'பை' இறுகிய இடங்கள் பேச்சுவழக்கில் அதிகம். 'பை டைம்' என்றால் அவகாசம் தேடிக்கொள்வது. 'பை இன்டு' என்றால் ஒரு கருத்தை ஏற்றுக்கொண்டு அதன்படி போவது. 'பை ஆஃப்' என்றால் காசு கொடுத்து ஒருவரை வாயடைப்பது. 'பை அவுட்' என்றால் கூட்டாளியின் பங்கை முழுவதும் வாங்கி அவரை விலக்குவது. 'ஐ டோன்ட் பை தட்' என்றால் 'நீ சொல்வதை நான் நம்பவில்லை'. கடைசியாகச் சொன்னது பேச்சுக்கு மட்டும்தான். கடிதத்தில் அதே கருத்துக்கு 'அக்செப்ட்' என்ற வினையைப் போடுங்கள். 'பர்ச்சேஸ்' போட்டால் வாக்கியமே குலைந்துவிடும்.

பங்குச்சந்தையில் இரண்டும் அருகருகே நிற்பதால் கூடுதல் கவனம் தேவை. 'பை ஆர்டர்' என்றால் பங்கு வாங்கச் சொல்லித் தரகருக்குக் கொடுக்கும் கட்டளை. 'பர்ச்சேஸ் ஆர்டர்' என்றால் ஒரு நிறுவனம் விற்பனையாளருக்கு அனுப்பும் கொள்முதல் ஆணை. இடம் மாற்றினால் படிப்பவர் வேறு ஆவணத்தைத் தேடுவார். ஒரு நிறுவனம் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்குவதற்கு 'பைபேக்' என்றும் 'ரீபர்ச்சேஸ்' என்றும் இரண்டு பெயர் உண்டு. செய்தியில் முன்னது அதிகம், நிதி அறிக்கைகளில் பின்னது அதிகம். இந்த ஒரு ஜோடியைப் பார்த்தாலே இரண்டு சொற்களின் குணமும் தெரிந்துவிடும்.

'பர்ச்சேஸ்' என்பதற்கு வாங்குவதோடு தொடர்பே இல்லாத இன்னொரு பொருளும் இருக்கிறது: பிடிப்பு. பாறை ஏறுகிறவர் வழுக்கும் இடத்தில் காலுக்குப் 'பர்ச்சேஸ்' கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால், ஊன்றிக்கொள்ள இடம் கிடைக்கவில்லை என்று படியுங்கள். மொழிபெயர்க்கிறவர்கள் இந்த இடத்தில் ஏமாறுவது உண்டு.

படி 4: யாருக்காக வாங்கினீர்கள் என்பது வாக்கியத்தில் இருக்கிறதா?

'அம்மா எனக்கு ஒரு சட்டை வாங்கித் தந்தார்' என்பதை ஆங்கிலத்தில் 'அம்மா பாட் மீ எ ஷர்ட்' என்று சொல்லலாம். யாருக்கு, எதை என்று இரண்டு செயப்படுபொருளையும் 'பை' அடுத்தடுத்துத் தாங்கும். 'பர்ச்சேஸ்' தாங்காது. 'பர்ச்சேஸ்ட் மீ எ ஷர்ட்' என்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிற பெரும்பாலோரின் காதில் உறுத்தும். அதே சொல்தான் வேண்டும் என்றால் பொருளை முன்னால் வைத்து, 'ஃபார்' சேர்த்து, பிறகு ஆளைச் சொல்லுங்கள்.

படி 5: இப்போது படிப்பவரைப் பாருங்கள்

முந்தைய படிகளில் விடை கிடைக்காமல் மிச்சம் இருப்பது ஒரே நிலைதான்: விலை கொடுத்து வாங்கியது, வினைச்சொல், இறுகிய தொடர் இல்லை, 'ஃபார்' சிக்கல் இல்லை. இங்கே இலக்கணப்படி இரண்டும் சரி. நடைதான் தீர்மானிக்கும்.

தமிழிலேயே இதற்கு ஓர் இணை இருக்கிறது. நண்பரிடம் 'நேற்று ஒரு பேனா கொள்முதல் செய்தேன்' என்று சொல்லிப் பாருங்கள். பொருள் விளங்கும், ஆனால் அவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அரசு அறிவிப்பில் 'நெல் கொள்முதல்' என்பது இயல்பு, வீட்டுப் பேச்சில் 'வாங்கினேன்' இயல்பு. 'பை', 'பர்ச்சேஸ்' இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும் ஏறக்குறைய இவ்வளவுதான். 'கொள்முதல்' அளவுக்கு 'பர்ச்சேஸ்' கனமானது இல்லை, ஆனால் திசை அதுவே.

அப்படியென்றால் நாம் ஏன் இதில் தவறுகிறோம்? தமிழ்ப் பேச்சில் 'பர்ச்சேஸ்' இலகுவான சொல்லாக மாறிவிட்டது. 'துணி பர்ச்சேஸுக்குப் போறோம்', 'பர்ச்சேஸ் முடிஞ்சுதா' என்று வீட்டிலேயே பேசுகிறோம். தமிழுக்குள் வந்த பிறகு அந்தச் சொல் தன் விறைப்பை இழந்துவிட்டது. ஆங்கிலத்தில் அது இன்னும் விறைப்பாகவே இருக்கிறது. நாம் தமிழ்ப் 'பர்ச்சேஸ்' என்று நினைத்து ஆங்கிலப் 'பர்ச்சேஸ்' எழுதுகிறோம். நண்பருக்கு 'ஐ வென்ட் ஃபார் பர்ச்சேசிங்' என்று எழுதுவது இப்படி வருவதுதான். அங்கே வேண்டியது 'ஷாப்பிங்'. நான் திருத்தியவற்றில் மிக அதிகமாகக் கண்ட நடைப்பிழை இது. தமிழ்ப் பேச்சில் ஆங்கிலச் சொற்களை அதிகம் கலப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள் என்பது என் அனுபவம்.

தேர்ந்தெடுக்க நான் சொல்லித்தரும் வழி, பக்கத்தில் இருக்கும் சொற்களைப் பார்ப்பது. உங்கள் மெயிலில் 'ஹெல்ப்', 'ஆஸ்க்', 'ஸ்டார்ட்', 'கெட்' என்று எழுதியிருக்கிறீர்களா? அவற்றோடு 'பை' உட்காரும். 'அசிஸ்ட்', 'இன்கொயர்', 'கமென்ஸ்', 'அப்டெய்ன்' என்று எழுதியிருக்கிறீர்களா? அவற்றோடு 'பர்ச்சேஸ்' உட்காரும். ஒரு கூட்டத்துச் சொல்லை இன்னொரு கூட்டத்தில் தனியாக விட்டால் அது துருத்திக்கொண்டு நிற்கும்.

சந்தேகம் வந்தால் 'பை' போடுங்கள். இது என் உறுதியான கருத்து. மரியாதையான கடிதத்தில் 'பை' இருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. சாதாரணப் பேச்சில் 'பர்ச்சேஸ்' வந்தால் ஒட்டாமல் தெரியும்.

இணையக் கடைகளைக் கவனித்தால் இந்தப் பங்கீடு கண்ணெதிரே தெரியும். அழுத்தும் பொத்தானில் பெரும்பாலும் 'பை நவ்'. அது செயல், சுருக்கமாக இருக்க வேண்டும். வாங்கி முடித்த பிறகு வரும் பட்டியலில் 'பர்ச்சேஸ் ஹிஸ்டரி'. செயலிகளுக்குள் 'இன்-ஆப் பர்ச்சேஸ்'. அவை பதிவுகள், பெயர்ச்சொற்கள்.

படி 6: ஒப்பந்தம், சட்டம் என்றால் அந்த ஆவணத்தின் விளக்கமே இறுதி

சட்ட ஆவணங்களில் சொல்லின் பொதுப்பொருள் செல்லாது. அந்த ஆவணமோ சட்டமோ என்ன விளக்கம் கொடுக்கிறதோ அதுதான் பொருள்.

அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் வணிகச் சட்டத் தொகுப்பான யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடில் 'பர்ச்சேஸ்' என்பதன் வரையறை மிக அகலமானது. விற்பனை மட்டுமல்ல, குத்தகை, அடமானம், அடகு, ஏன், அன்பளிப்பாகப் பெறுவதுகூட அதில் அடங்கும். சுயவிருப்பத்தோடு சொத்தில் உரிமை உண்டாக்கும் எந்த நடவடிக்கையும் அங்கே 'பர்ச்சேஸ்'. அதே தொகுப்பில் 'பையர்' என்றால் சரக்கை வாங்குபவர், அல்லது வாங்க ஒப்பந்தம் செய்துகொள்பவர், அவ்வளவுதான். காசே கொடுக்காமல் அன்பளிப்பு பெற்றவர் அங்கே 'பர்ச்சேசர்' ஆகலாம், 'பையர்' ஆக முடியாது.

இங்கிலாந்தின் 1925-ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்திலும் 'பர்ச்சேசர்' என்பதற்குள் குத்தகைதாரரும் அடமானம் பெற்றவரும் வருகிறார்கள். சரக்கு விற்பனைச் சட்டங்களோ 'பையர்' என்ற சொல்லைத்தான் எடுத்துக்கொண்டன. இந்தியாவின் 1930 சட்டமும் பிரிட்டனின் 1979 சட்டமும் அப்படித்தான்.

இதற்கு நேர் எதிராக, இரண்டு சொற்களையும் ஒரே தட்டில் வைத்த சட்டமும் இருக்கிறது. டிஜிட்டல் திரைப்படம், விளையாட்டு, மின்னூல் போன்றவற்றை 'பை' என்றோ 'பர்ச்சேஸ்' என்றோ விளம்பரம் செய்தால், கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா 2024-இல் சட்டம் இயற்றியது. 2025 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. பொதுமக்களின் காதில் இரண்டு சொல்லும் 'இனி இது என்னுடையது' என்றே ஒலிக்கின்றன என்பதால்தான் இரண்டையும் சேர்த்தார்கள்.

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஒப்பந்தத்தின் முதல் பக்கங்களில் விளக்கப் பகுதியைத் தேடுங்கள். அங்கே 'பர்ச்சேசர்' என்று இருந்தால் கடைசிவரை 'பர்ச்சேசர்' என்றே எழுதுங்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே, அழகாக இல்லையே என்று நடுவில் 'பையர்' போட்டுவிடாதீர்கள். கட்டுரையில் சொல் மாற்றுவது நல்ல பழக்கம். ஒப்பந்தத்தில் அப்படி மாற்றினால், இரண்டு வேறு ஆட்களைச் சொல்கிறதோ என்ற வழக்குக்கு அது வழிவிடும்.

படி 7: இரண்டும் பொருந்தவில்லையா, பக்கத்துச் சொற்களைப் பாருங்கள்

'ப்ரொக்யூர்' என்பது வாங்கும் அந்த நொடியை மட்டும் சொல்வதில்லை. என்ன தேவை என்று கண்டறிவது, யாரிடம் வாங்குவது என்று தேடுவது, விலை பேசுவது, ஒப்பந்தம், வந்து சேர்கிறதா என்று பார்ப்பது எல்லாம் சேர்ந்தது 'ப்ரொக்யூர்மென்ட்'. அதில் ஒரு பகுதிதான் 'பர்ச்சேசிங்'. சுயவிவரத்தில் எழுதும்போது இந்த வேறுபாடு முக்கியம். ஆணை போட்டுப் பணம் கட்டும் வேலை மட்டும் செய்தவர் 'ப்ரொக்யூர்மென்ட்' என்று எழுதினால், நேர்காணலில் விற்பனையாளர் தேர்வைப் பற்றிக் கேட்பார்கள்.

'அக்வயர்' என்றால் ஏதோ ஒரு வழியில் தன்வசமாக்குவது. விலை கொடுத்ததாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்குவதற்கும், திறமை, பழக்கம் போன்றவற்றுக்கும் இது பொருந்தும். 'ஆர்டர்' என்றால் கேட்டிருக்கிறோம், இன்னும் கைக்கு வரவில்லை. பேச்சில் பெரும்பாலும் 'கெட்' ஒன்றே எல்லா வேலையையும் பார்த்துவிடும்.

படி 8: வடிவம், ஒலி, முன்னிடைச்சொல்

சொல்லைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகும் எழுத்தில் கோட்டைவிடுவது உண்டு. 'பை' இறந்தகாலத்தில் 'பாட்' ஆகும். 'பைட்' என்று ஒரு சொல் இல்லை.

'பாட்', 'ப்ராட்' குழப்பம்தான் எல்லாவற்றிலும் பெரியது. முன்னது வாங்கியது, பின்னது கொண்டுவந்தது. எழுத்தில் ஓர் 'ஆர்' மட்டுமே வித்தியாசம். ஒருவர் ஒரு நிறுவனத்துக்குப் புகார் எழுதும்போது, 'போன மாதம் உங்களிடம் வாங்கிய இயந்திரம்' என்பதற்கு 'ப்ராட்' போட்டுவிட்டார். பழுதுபார்க்கக் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்த இயந்திரம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டு, பழுதுபார்த்த ரசீதைக் கேட்டார்கள். தெளிவாவதற்குள் ஒரு வாரம் போய்விட்டது. நினைவில் வைக்க வழி: 'பிரிங்' என்பதில் 'ஆர்' இருக்கிறது, அதனால் 'ப்ராட்' என்பதிலும் 'ஆர்' இருக்கும். 'பை' என்பதில் 'ஆர்' இல்லை, அதனால் 'பாட்' என்பதிலும் இல்லை. கணினியின் எழுத்துப்பிழை திருத்தி இதில் பெரும்பாலும் கைவிட்டுவிடும், ஏனென்றால் இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள்.

ஒலியில் கவனிக்க வேண்டியது 'பர்ச்சேஸ்' என்பதைத்தான். நாம் 'சேஸ்' என்று நீட்டுகிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் அசையில் விழும், பின்பாதி 'சஸ்' என்று குறுகி அடங்கிவிடும். வினையானாலும் பெயரானாலும் இதே உச்சரிப்புதான். தமிழில் வழங்கும் வடிவம் என்பதால் இங்கே நானும் நீட்டியே எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் பேசும்போது குறுக்குங்கள்.

யாரிடமிருந்து என்பதற்கு 'ஃப்ரம்', எவ்வளவு தொகைக்கு என்பதற்கு 'ஃபார்'. 'உங்களிடம் வாங்கினேன்' என்பதில் உள்ள 'இடம்' என்ற உருபை அப்படியே பெயர்த்து 'பாட் வித் யூ' என்று எழுதுகிறார்கள். அது 'உங்களோடு சேர்ந்து வாங்கினேன்' என்றாகிவிடும்.

படி 9: ஒரு முழுக் கடிதத்தில் செய்து பாருங்கள்

ஒரு நிறுவனத்துக்கு நீங்கள் எழுத நினைப்பது இது என்று வைத்துக்கொள்வோம்: 'போன மாதம் உங்களிடம் ஒரு பிரின்டர் வாங்கினோம். வாங்கியதற்கான சான்றை இணைத்திருக்கிறோம். பழுதுபார்க்கக் கொடுத்தபோது ரசீது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் இன்னொரு அலுவலகத்துக்கும் இதே பிரின்டர் வாங்கித் தரவேண்டியிருக்கிறது.'

நான்கு இடத்தில் 'வாங்கு' வருகிறது. மூன்றாவதை முதலில் எடுத்துவிடுங்கள். 'விலைக்கு ரசீது வாங்கு' நிற்காது, அங்கே 'கெட் எ ரிசீப்ட்'. படி 1 அதை முடித்துவிட்டது.

இரண்டாவது பெயர்ச்சொல், இறுகிய தொடரும்கூட: 'ப்ரூஃப் ஆஃப் பர்ச்சேஸ்'. இங்கே யோசிக்க ஒன்றுமில்லை.

நான்காவதில் யாருக்கு என்பது இருக்கிறது. 'பை அவர் அதர் ஆபிஸ் தி சேம் பிரின்டர்' என்று இரண்டையும் அடுக்கலாம், 'பை' அதைத் தாங்கும். ஆனால் புகார்க் கடிதத்தில், பெறும் இடத்தின் பெயர் நீளமாக இருந்தால், பொருளை முன்னால் வைத்து 'ஃபார்' போட்டுப் பிரிப்பது படிக்கத் தெளிவாக இருக்கும். அப்படிப் பிரித்துவிட்டால் எந்தச் சொல்லும் போடலாம்.

முதலாவதுதான் படி 5 வரை வருகிறது. கடிதத்தின் மற்ற சொற்களைப் பாருங்கள். 'வீ வுட் லைக் டு இன்கொயர்' என்று தொடங்கியிருந்தால் 'பர்ச்சேஸ்ட்'. 'வீ ஆர் ரைட்டிங் டு ஆஸ்க்' என்று தொடங்கியிருந்தால் 'பாட்'. இரண்டாவது வாக்கியத்தில் 'ப்ரூஃப் ஆஃப் பர்ச்சேஸ்' வந்துவிட்டதே, அதனால் இங்கும் அதே சொல்தான் வரவேண்டுமோ என்று கேட்பார்கள். வேண்டியதில்லை. 'வீ பாட் எ பிரின்டர் ஃப்ரம் யூ லாஸ்ட் மந்த்' என்று எழுதி, அடுத்த வரியிலேயே 'தி ப்ரூஃப் ஆஃப் பர்ச்சேஸ் இஸ் அட்டாச்ட்' என்று எழுதலாம். நான் திருத்துவதாக இருந்தால் அப்படியேதான் விட்டுவைப்பேன். 'ப்ராட்' என்று கை எழுதிவிட்டதா என்பதை மட்டும் அனுப்பும் முன் இன்னொரு முறை பார்ப்பேன்.